இல்லாத லிஃப்டைப் பழுது பார்த்த கதை

போன வாரம் எங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலமனேரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். "டீ குடிச்சதெல்லாம் சரிம்மா, அங்க வேலைன்னு எதுனா செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

செய்தோம் ஐயா. மூச்சு முட்டச் செய்தோம். எதற்குச் செய்தோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. சித்தூரில் மாம்பழ சீசன். ஊருக்கு வெளியே கூழ் எடுக்கும் பேக்டரிகளிலிருந்து இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை கிளம்பி, ஜன்னல் வழியாக வந்து, எங்கள் ஃபேன் காற்றிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சாயங்காலம் வீடியோ கான்ஃபரன்ஸ். திரையில் கட்டம் கட்டமாக எல்லா ஆபீஸ்காரர்களின் முகங்களும் தெரிந்தன. நடுக்கட்டத்தில் திருப்பதி மண்டல ஆபீஸின் ஜாயிண்ட் டைரக்டர் மேடம்.

எங்கள் பக்கம் சூப்பரிண்டெண்டென்ட் ரமணய்யா கேமராவுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். மாவட்ட அதிகாரி நாற்காலி காலியாக இருந்ததால் அவர்தான் இன்சார்ஜ். பின்னால் நானும் வசந்தாவும் இருந்தோம்.

"சித்தூர்!" என்றார் மேடம்.

"மேடம்!" என்று ரமணய்யா எழுந்து நின்றார். எழுந்ததால் கேமராவில் அவருடைய தலை போய்விட்டது. சட்டைப் பொத்தான்கள் மட்டும் பவ்யமாகத் தெரிந்தன.

"உங்க லிஃப்ட் ஏன் இன்னும் ரெட்லயே இருக்கு? எல்லா ஆபீஸும் கிரீன் ஆயிடுச்சு."

ரமணய்யா யோசிக்கவே இல்லை. "ஒரு வாரத்துல ரிப்பேர் செஞ்சுடறோம் மேடம்" என்றார்.

மேடம் தலையாட்டிவிட்டு அடுத்த ஊரைக் கூப்பிட்டார்.

எங்கள் ஆபீஸில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் என்ன, மாடியே கிடையாது.

புதன்கிழமை வியாதி

எந்தத் துறை என்று நான் சொல்லப்போவதில்லை. ரிட்டையரான பிறகும் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பக்கூடியவர்கள் அவர்கள். வயதானவர்களும் கணவனை இழந்தவர்களும் உதவித்தொகைக்காக ஏறி இறங்கும் ஆபீஸ் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறி இறங்கும் என்பதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று உயரமாக மேடை போட்டு, அதற்குச் செங்குத்தாகக் கருங்கல் படிகள் வைத்திருந்தான். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். கைப்பிடி கிடையாது. அவன் குதிரையிலிருந்து நேரே மேடைக்குத் தாவியிருப்பான் போலிருக்கிறது. நம் ஜனங்கள் படியில் கையை ஊன்றித் தவழ்ந்து ஏறினார்கள்.

லிஃப்ட் விவகாரம் எப்படி வந்தது என்றால், எங்கோ தலைமை இடத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம். உடனே மாநிலம் முழுக்க உத்தரவு பறந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் எல்லா ஆபீஸும் தங்கள் லிஃப்டின் நிலவரத்தை ஆன்லைன் அட்டவணையில் ஏற்றவேண்டும்.

முதல் புதன்கிழமை நான் 'இல்லை' என்று போட்டேன். அட்டவணை வாங்கிக்கொள்ளவில்லை. சூன்யம் போட்டேன். கட்டம் சிவப்பாகிவிட்டது.

அட்டவணையைப் பார்க்கும் திருப்பதி ஆபீஸுக்குப் போன் போட்டேன். அந்த செக்‌ஷன் பையன் நல்ல பிள்ளைதான். "மேடம், சூன்யம் போட்டா ரிப்போர்ட் வரலைன்னு அர்த்தம். ஒண்ணு ஒர்க்கிங் போடுங்க, இல்லாட்டி நாட் ஒர்க்கிங் போடுங்க" என்றான்.

"இல்லாத லிஃப்ட் எப்படிப்பா ஒர்க் ஆகும்?"

"அப்போ நாட் ஒர்க்கிங் மேடம்."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருந்தது. போட்டேன். உடனே பக்கத்துக் கட்டம் திறந்துகொண்டது. 'சரிசெய்ய எடுத்த நடவடிக்கை என்ன?'

அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் எனக்குத் தலைவலி வந்தது.

நைனா சொன்ன சமாதானம்

இந்த மாதிரி வேலை எனக்குப் புதிதில்லை. வேலையில் சேர்ந்த புதிதிலேயே பழகிவிட்டது. வெயிலில் தார் உருகும் மே மாதத்தில் ஒரு முறை 'வெள்ளச் சேத விவரம்' கேட்டார்கள். சேதம் ஏதுமில்லை என்று ஒரு தாளில் எழுதி, மேலே ஒரு முகப்புக் கடிதம் வைத்து, இணைப்பு ஏதுமில்லை என்று குறிப்பிட்டு, மூன்று பிரதி எடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கு எங்கள் சொந்த ஊரான நகரிக்குப் போய் இறங்கினேன். எங்கள் வீட்டை ஒட்டினாற்போலவே விசைத்தறி. நைனா, அதாவது என் அப்பா, அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"இன்னாமா, இன்னிக்கு இன்னா வேல செஞ்ச?"

"இல்லாதத இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன் நைனா."

"இன்னாது?"

நானும் கத்தினேன். "ஒண்ணும் இல்லன்னு எழுதினேன்!"

நைனா தறியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அதுக்குச் சம்பளம் தராங்களா?"

"தராங்க."

"கரெண்டு போனாலும் தருவாங்களா?"

"தருவாங்க."

"அப்போ மூஞ்ச ஏன் அப்பிடி வச்சினு கீற? போய்க் கை கழுவிக்கினு வந்து துன்னு" என்று சொல்லிவிட்டு மறுபடி தறியை ஓட்டப் போய்விட்டார்.

அந்தச் சமாதானத்தில் பல வருஷம் ஓட்டினேன். 'அலுவலக நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி' என்று காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை ஒரு கூட்டம் நடத்தினார்கள். அதற்கும் போய் உட்கார்ந்திருந்தேன். மாவட்டம் இரண்டாகப் பிரிந்து பாதி ஆட்கள் திருப்பதிக்குப் போய், முழு வேலையும் எங்களிடமே தங்கியபோதும் சிரித்துக்கொண்டுதான் செய்தேன்.

லிஃப்ட் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் வசந்தா.

வசந்தா

வசந்தா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். சித்தூர்க்காரி. உதவித்தொகை பில்லெல்லாம் அவள் பொறுப்பு. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டி முடிப்பாள். அவள் சிரித்தால் வெளியே டீக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு விடுமுறை நாளில் திருச்சானூர் கோயிலுக்குப் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது வண்டி கவிழ்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். வசந்தாவுக்கு முதுகுத்தண்டில் அடி. நீண்ட நாள் வைத்தியத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வேலைக்குத் திரும்பினாள்.

கை நன்றாக இருந்தது. மூளை எப்போதும்போல வேகமாக இருந்தது. வாய் இன்னும் நன்றாக இருந்தது. அந்தப் படிகள்தான் பிரச்சினை.

தினமும் காலையில் அவள் வீட்டுக்காரர் முனிரத்னமும் வாட்ச்மேனும் நாற்காலியோடு அவளைத் தூக்கி மேலே வைப்பார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று "ஐயோ பாவம்" என்பார்கள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் வசந்தா யாரையும் பார்க்கமாட்டாள். மடியில் இருக்கும் சாப்பாட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

டாய்லெட் பின்பக்கம், அதற்கும் படி இறங்கவேண்டும். அதனால் பகல் முழுக்க அவள் தண்ணீர் குடிப்பதில்லை. இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தாகத்துக்கு மோர் நீட்டியபோது வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கும் அந்த மோர் இறங்கவில்லை.

சாய்வுத்தளம் ஒன்று கட்டித் தரும்படி மனுமேல் மனு போட்டோம். கட்டடப் பழுதுக்கு நிதி இல்லை என்று பதில் வந்தது. கடைசி மனுவுக்கு மட்டும் வித்தியாசமான பதில். 'ஊழியரின் நலன் கருதி' வசந்தாவைக் குடுபல்லி கிளை ஆபீஸுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே கட்டடம் தரைமட்டமாம்.

குடுபல்லி, மாவட்டத்தின் மறுகோடியில் குப்பம் நகரத்துக்குப் பக்கம். சித்தூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போகவேண்டும். முனிரத்னத்தின் மெக்கானிக் கடை சித்தூரில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் சித்தூரில். மாதக் கடைசிக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும், இல்லையென்றால் சம்பளமில்லாத லீவு.

"படிய மாத்த முடியலயாம், அதனால ஆள மாத்தறாங்களாம்" என்று வசந்தா சிரித்தாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை.

ரிப்பேருக்கு ஒரு வாரம்

இந்த நிலைமையில்தான் அந்த வீடியோ கான்ஃபரன்ஸ் நடந்தது. திரை அணைந்ததும் ரமணய்யா நாற்காலியில் சாய்ந்து, கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா கௌரி, இப்புடு ஏம் சேத்தாம்?" என்று கேட்டார். இப்போது என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறார்!

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "மொதல்ல ஒரு மாடி கட்டணும் சார். அப்புறம் அதுக்கு லிஃப்ட் வைக்கணும். அப்புறம் அத ஒடைக்கணும். அதுக்கப்புறம்தான் ரிப்பேர். ஒரு வாரத்துல எல்லாம் முடிச்சுடலாம்!" என்று கத்திவிட்டேன்.

ரமணய்யா கோபப்படவில்லை. கொஞ்ச நாளில் ரிட்டையராகப் போகிறவர். பென்ஷன் பேப்பர் நல்லபடியாக நகரவேண்டுமே என்று தினமும் சாமி கும்பிடுகிறவர். "வாயில வந்துடுச்சும்மா. இல்லன்னு சொல்லிப் பழக்கமே இல்ல" என்று தமிழில் முனகினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது.

பின்னாலிருந்து வசந்தா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, அந்த அட்டவணையில இன்னாதான் கேக்கறாங்க? முழுசாப் படி."

"ஏறிச்செல்லும் வசதி பழுதடைந்திருந்தால், சரிசெய்ய எடுத்த நடவடிக்கை" என்று படித்தேன்.

"லிஃப்ட்டுன்னா போட்டுக்கீது? ஏறிச்செல்லும் வசதின்னுதானே போட்டுக்கீது?"

நான் மறுபடி படித்தேன். ஆமாம், தலைப்பில்தான் லிஃப்ட். உள்ளே வெறும் 'ஏறிச்செல்லும் வசதி' என்றுதான் இருந்தது.

"நம்ம ஆபீஸ்ல ஏறிப்போற வசதி நல்லாவா கீது?" என்றாள் வசந்தா.

நானும் ரமணய்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போதே எழுதினோம். இந்தக் கட்டடத்தில் மாடி இல்லை, லிஃப்ட் இல்லை. இருக்கும் படிகளில் முதியவர்களும் ஊனமுற்றவர்களும் ஏற முடியவில்லை. சரிசெய்ய ஒரே வழி சாய்வுத்தளம். அதற்கு அனுமதி வேண்டும். எல்லாம் உண்மை, ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

ரமணய்யா பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ரிஸ்க் ஏதும் இல்லயேம்மா?"

"சார், இல்லாத லிஃப்ட ரிப்பேர் பண்றேன்னு சொன்னதவிடவா?" என்றாள் வசந்தா.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

திருப்பதியில் ஒரு மதியம்

இரண்டு நாளில் திருப்பதியிலிருந்து உத்தரவு. ரிவ்யூ மீட்டிங்குக்கு ரமணய்யா நேரில் வரவேண்டும், லிஃப்ட் செக்‌ஷனைப் பார்ப்பவரும் கூட வரவேண்டும். லிஃப்ட் செக்‌ஷன் என்று ஒன்று எங்களிடம் உருவாகி, அதற்கு நான் தலைவியானது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கிளம்பும்போது வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அங்க போய் என்னைப் பாவம் கீவம்னு சொல்லாத. வேல நடக்கலன்னு சொல்லு. நான் குடுபல்லிக்குப் போயிட்டா பில்லு யார் போடறதுன்னு கேளு."

பஸ்ஸில் ரமணய்யா ஜன்னலோரம் உட்கார்ந்தார். சந்திரகிரி தாண்டி மலை தெரிந்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தெரிந்து அது பென்ஷனுக்காக மட்டும் இல்லை.

மீட்டிங் ஹாலில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. எங்கள் முறை வந்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் தாளைத் தூக்கிக் காட்டினார். தெலுங்கில்தான், 'காரு' என்று மரியாதை சேர்த்துக் கேட்டார். "என்ன ரமணய்யா காரு இது? லிஃப்ட் ரிப்பேர்னு சொன்னீங்க. இப்போ மாடியே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எது நிஜம்?"

ரமணய்யா எழுந்தார். "மேடம்..." என்று ஆரம்பித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

நான் எழுந்துவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்த தெலுங்கில், நடுநடுவே தமிழ் கலந்து, எல்லாவற்றையும் கொட்டினேன். மாடி இல்லை மேடம், லிஃப்ட் இல்லை. இல்லை என்று போட்டால் அட்டவணை ஏற்கவில்லை. வாரா வாரம் இல்லாததற்குப் பதில் எழுதுகிறோம். இருக்கிற படியைப் பற்றிக் கேட்பார் யாருமில்லை. எங்கள் பில்லெல்லாம் போடும் வசந்தாவை அந்தப் படிக்காகவே குடுபல்லிக்கு அனுப்புகிறீர்கள். அவள் போய்விட்டால் அடுத்த மாதம் கிழவிகளுக்குப் பணம் போகாது. அவளுக்காகக் கேட்கவில்லை, வேலை நடக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மேடம் என்னை விட்டுவிட்டு ரமணய்யாவைப் பார்த்தார். "அப்போ ஏன் சார் ஒரு வாரத்துல ரிப்பேர் பண்றேன்னு சொன்னீங்க?"

ரமணய்யா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "நீங்க கேட்டீங்க மேடம். பெரியவங்க கேட்டா இல்லைன்னு சொல்ல எனக்கு வரல."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். கடைசியில் மேடமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கும் வரலை சார்" என்றார். "மேல கேட்டப்போ சித்தூர் லிஃப்ட் ஒரு வாரத்துல சரியாயிடும்னு நானும் சொல்லிட்டேன்."

பிறகு செக்‌ஷன் பையனைக் கூப்பிட்டார். அவர்கள் குனிந்து பேசிய பிறகுதான் விஷயமே புரிந்தது. ஏறிச்செல்லும் வசதிக்கென்று தனியாக ஒரு நிதி வந்து கிடக்கிறது. சிவப்பில் இருக்கும் ஆபீஸுக்குத்தான் அதைத் தரமுடியும். மற்றவர்களெல்லாம் கெட்டிக்காரத்தனமாகப் பச்சையாகிவிட்டார்கள். செலவு செய்யாவிட்டால் மேடத்துக்கு மெமோ வரும்.

"நல்லவேளை, நீங்க ஒருத்தராவது ரெட்ல இருந்தீங்க" என்று சொல்லி, மேடம் சாய்வுத்தளத்துக்கு அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். குடுபல்லி உத்தரவையும் வாங்கி, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

வெளியே வந்ததும் முதலில் வசந்தாவுக்குப் போன் செய்தேன். சொன்னேன். அவள் உடனே கேட்டாள், "துன்னீங்களா ரெண்டு பேரும்? மொதல்ல எதுனா துன்னுங்க."

முதல் நாள்

சாய்வுத்தளம் முடிய ஒரு மழைக்காலம் ஆயிற்று. மெதுவான சரிவு, இரண்டு பக்கமும் பளபளவென்று கைப்பிடி. பின்பக்கம் டாய்லெட்டுக்கும் சின்னதாக ஒன்று.

முதல் நாள் வசந்தா மஞ்சள் புடவையில் வந்து ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முனிரத்னம் வழக்கம்போல நாற்காலியின் பின்னால் போய் நின்றார்.

"கைய எடு. நானே போறேன்" என்றாள்.

சக்கரத்தைப் பிடித்து ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. பாதியில் கொஞ்சம் பின்னால் சரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். மேலே போய்த் திரும்பி எங்களைப் பார்த்தபோது நெற்றிப் பொட்டு வேர்வையில் கலைந்திருந்தது.

ரமணய்யா போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். முகம் வாடியிருந்தது. வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாக, இடம் பதிந்த போட்டோ உடனே ஏற்றவேண்டுமாம். எடுத்துவிட்டார். ஆனால் போன் என்ன நினைத்ததோ, எங்கோ இருக்கும் தடா என்ற ஊரைக் காட்டியது. அட்டவணை வாங்கவில்லை.

"அம்மா வசந்தா, கோபப்படாத. இன்னொரு தடவ எறங்கி ஏறணும்."

வசந்தா சறுக்கிக்கொண்டு இறங்கினாள். ஏறினாள். இந்தத் தடவை இடம் சரியாக வந்தது, ஆனால் ரமணய்யாவின் கட்டைவிரல் பாதி படத்தை மறைத்துவிட்டது. மறுபடி இறங்கினாள், மறுபடி ஏறினாள். அதற்குள் மனு கொடுக்க வந்த கூட்டமெல்லாம் சுற்றி நின்றுவிட்டது. அவள் ஏற ஏற ஒரு பாட்டி "போடு, போடு" என்று கைதட்டினாள். டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். இந்தத் தடவை படம் நன்றாகவே விழுந்தது. திருப்பதியிலிருந்து போன் வந்தது. முன்புறம் போதாதாம், பக்கவாட்டிலும் ஒன்று வேண்டுமாம்.

ரமணய்யா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "தெரியும்மா, இது அர்த்தமில்லாத வேலதான். சாரி. கடைசியா ஒரே ஒரு தடவ..."

வசந்தா மூச்சு வாங்கிக்கொண்டே, முகமெல்லாம் பல்லாக, சக்கரத்தைத் திருப்பினாள்.

"எத்தினி வாட்டி வேணும்னாலும் கேளுங்க சார்!"